கொட்டாவி

ரெண்டாவது ஊசி இறங்கும்போதும் கனி கண்ணை மூடவில்லை. ஆரம்பத்தில் மூடுவாள், முகத்தைத் திருப்பி அம்மாவின் முந்தானையைப் பல்லில் கவ்விக்கொள்வாள். இப்போது வேறு யாருடைய கையிலோ குத்துவதை வேடிக்கை பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஈர்க்குச்சி கனத்துக்கு இருக்கிற அந்த ஊசி தோலைத் துளைத்து உள்ளே போய், குழாய் சட்டென்று சிவப்பாகிறவரை. வலிக்கிறதா என்று அம்மா மங்கையர்க்கரசி கேட்கவில்லை. வலிக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போகவும் இல்லை, கூப்பிடாமலே வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிற ஆள் மாதிரி உள்ளே உட்கார்ந்துகொண்டது. ஜெனிட்டா சிஸ்டர் ஊசியின் மேல் பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டே, "ரெண்டு நாளைக்குள்ள இவ்வளவு எடை ஏறியிருக்காம்மா. இத்தனை தண்ணியையும் ஒரே மூச்சுல உறிஞ்சினா புள்ள தாங்குமா? நீங்கதானே கூட இருக்கீங்க, பாக்கறதில்லையா?" என்றாள். "பாத்துக்கறேன் சிஸ்டர்." பார்க்காமல் என்ன. பார்க்கவில்லை, கேட்டாள். நேற்று மத்தியானம் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவுக்குப் பின்னால் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை, உள்ளங்கையில் ஏந்திக் குடிக்கும்போது விட்டு விட்டு வருமே, அந்தச் சத்தம். எழுந்துபோய்க் கதவைத் தட்டியிருக்கலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டம்ளரில் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் போனால் கால் வீங்கும், மூச்சு முட்டும், மெஷினில் போட்டு இழுக்கும்போது உயிர் போய்விட்டு வரும். எல்லாம் தெரியும். ஒரு தலையணை உறையை நாலாக மடித்து, நீவி விட்டு, அடுக்கின் மேல் வைத்தாள். குடிக்கட்டும். குடிச்சிட்டு நாளைக்கு அங்க போய்ப் படட்டும். பட்டால்தான் தெரியும் என்று நினைத்தாள், என்ன தெரியும் என்று நினைக்கவில்லை.

குழந்தைகளுக்கென்று தனி இடம் ஒன்றும் கிடையாது. திருச்சியில் அந்த ஆஸ்பத்திரியின் மாடியில் நீளமான கூடத்தின் ஒரு கோடியைத் தட்டி வைத்து மறைத்து, சுவரில் சிரிக்கிற மீனும் குடை பிடித்த யானையும் வரைந்து, ரெண்டு கட்டில் போட்டிருந்தார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் பெரியவர்கள் வரிசையாகப் படுத்திருப்பார்கள், தூங்குவார்கள், அல்லது தூங்குகிற மாதிரி கிடப்பார்கள். டயாலிசிஸ் மெஷின் கனியின் உயரம் இருக்கும். அதன் முகத்தில் ஒரு சின்னச் சக்கரம் நிற்காமல் சுற்றி ரத்தத்தைப் பிதுக்கிப் பிதுக்கி மேலே தள்ளும், ரத்தம் ஒரு பிளாஸ்டிக் உருளைக்குள் போய் அழுக்கை விட்டுவிட்டு இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி அதே கைக்குள் போகும். வாரத்தில் மூன்று தரம், ஒவ்வொரு தரமும் ஒரு மத்தியானம் முழுக்க. கனிக்குப் பதினாலு வயசு. எத்தனை காலத்துக்கு என்று கேட்டதற்கு, "இன்னொரு கிட்னி கிடைக்கிற வரைக்கும்" என்றார் டாக்டரம்மா. இன்னொரு. அந்தச் சொல்லில் மங்கையின் மனசு போய் மாட்டிக்கொண்டது, நடந்துபோகும்போது கதவுத் தாழ்ப்பாளில் சேலை மாட்டிக்கொள்கிற மாதிரி, இழுத்தால் கிழியும், இழுக்காவிட்டால் நகர முடியாது. இன்னொன்று என்றால் முதலில் ஒன்று இருந்தது. அது எங்கே போனது என்று யாருமே கேட்கமாட்டேன் என்கிறார்கள். எங்கேயும் போகவில்லை. உள்ளேயேதான் கிடக்கிறது, எடுக்கக்கூட மாட்டார்களாம், தொந்தரவு கொடுக்காதவரை அப்படியே விட்டுவிடுவார்களாம், கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக் கல் மாதிரி ஆகிவிடுமாம். மங்கையின் உடம்பிலிருந்து எடுத்தது. அவளுடைய அம்மா அவளுக்குச் சோறு போட்டு வளர்த்தது, முப்பத்தைந்து வருஷம் ஒரு நாளும் என்னைக் கவனி என்று முனகாமல் வேலை செய்தது. இந்தப் பெண்ணின் வலது அடிவயிற்றில் செத்துக் கிடக்கிறது, அதைச் சுமந்துகொண்டு இவள் யானையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள்.

கனியின் சொந்தக் கிட்னி ரெண்டும் கெட்டுப்போய், மங்கை தன்னுடையதை எடுத்துக் கொடுத்தபோது கனிக்குப் பதினொரு வயசு. கணவன் தர்மலிங்கத்துக்குச் சர்க்கரை, அவரிடமிருந்து எடுக்க முடியாது என்று ஆனதும் மங்கை கொஞ்சம்கூட யோசிக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். யோசித்தாள். பெரியகடை வீதியில் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றபடி, வருகிறவர்களுக்கெல்லாம் சேலையை விரித்து விரித்துப் போட்டுக்கொண்டு, பச்சையில் அரக்கு பார்டர் காட்டுங்க என்றவளுக்கு அதைக் காட்டிக்கொண்டு, உள்ளே யோசித்துக்கொண்டுதான் இருந்தாள். செத்துப்போனால் என்ன ஆகும் என்று யோசித்தாள். சாகாமல் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அதைவிட அதிகமாக யோசித்தாள். ஸ்டாக் அறையில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு நாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதற்கப்புறம்தான் சரி என்றாள். பயப்படாதவள் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது, பயந்துகொண்டே கொடுத்தேன், அது யாருக்குத் தெரியும். ஆபரேஷன் முடிந்து அவள் கண் திறந்தபோது ஒரு நர்ஸ் பக்கத்து அறையிலிருந்து வந்து காதருகே குனிந்து, "உங்க பொண்ணு நல்லா யூரின் போறாம்மா, பையி நிறைஞ்சு மாத்தியாச்சு" என்றாள். மூத்திரத்துக்காக ஒருத்தி ஆனந்தப்பட்டு அழ முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கனி ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து, கழுத்தில் வழிய வழிய, மூச்சு விடாமல் குடித்ததைத் தர்மலிங்கம் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வராமலே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார், வாடகைக் கார் ஓட்டுகிறவர், எங்கே போனார் என்று சொல்லவே இல்லை. படுக்கும்போது மங்கை மகளுடைய அடிவயிற்றில் கை வைத்துப் பார்ப்பாள். தோலுக்கு ரொம்பப் பக்கத்தில், ஒரு சின்ன மாங்காய் அளவுக்குத் தட்டுப்படும். கூசுதும்மா என்று கனி சிரித்துக்கொண்டு நெளிவாள். தன் உடம்பைத் தானே இன்னொருத்தியின் தோலுக்கு வெளியிலிருந்து தொட்டுப் பார்க்கிற அந்த விநோதம் யாருக்கு வாய்க்கும், பெற்றதைவிட இது பெரியது, பெறும்போது வெளியே வந்தது, இது உள்ளே போயிருக்கிறது, இனி யாரும் பிரிக்க முடியாது என்றெல்லாம் நினைத்துக்கொண்டு தூங்கினாளே. தூங்கினாளே பைத்தியக்காரி.

மாத்திரை. காலையிலும் சாயங்காலமும் தவறாமல் போட வேண்டிய மாத்திரைகள், போடாவிட்டால் உடம்பு அந்நியச் சதை என்று கண்டுபிடித்து கிட்னியைத் தின்றுவிடும் என்று டாக்டரம்மா கனியையே எதிரில் உட்காரவைத்து விளக்கியிருந்தார். அந்த மாத்திரைகளில் முகம் ஊதியது. கன்னம் ரெண்டும் உப்பி, கண் இடுங்கி, மேலுதட்டிலும் காதோரத்திலும் ரோமம் அடர்ந்தது. ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசையிலிருந்து கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்று கனி சொல்லவில்லை, அவளோடு படிக்கிற பெண்ணின் அம்மா கடைக்குச் சேலை எடுக்க வந்தபோது சொன்னாள், சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அப்புறம் ஒரு கோடை விடுமுறையில் முகம் வற்றியது. கன்ன எலும்பு தெரிந்தது, பழைய கனி வந்துவிட்டாள், டாக்டர் அளவைக் குறைத்ததில்தான் இப்படி என்று மங்கை நினைத்துக்கொண்டாள். எவ்வளவு அழகாயிட்டே தெரியுமா என்று சுற்றிப் போட்டாள். ஸ்டூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போய், கடையில் தள்ளுபடியில் எடுத்த மயில்கழுத்து நிறப் பாவாடை தாவணி கட்டவைத்து, போட்டோ எடுத்தாள். அந்தப் போட்டோவில் கனி சிரிக்கிறாள், பின்னால் நின்ற அம்மாவும் சிரிக்கிறாள். உள்ளே அந்த நேரத்தில் அவளுடைய கிட்னியை இவளுடைய ரத்தம் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. அதை நினைக்காத நாளில்லை. கால் வீங்கி, வாந்தி எடுத்து, ஓடியபோது டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தத்துல மருந்தே இல்லையேம்மா" என்றார். கோபப்படவில்லை, ஆச்சரியப்பட்டார். கனி மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி, "நான் போடல" என்றாள். எப்போலேர்ந்து? தோள்பட்டையைக் குலுக்கினாள். ஏன்? அதற்கும் குலுக்கினாள். மங்கை அங்கேயே, டாக்டரம்மாவுக்கு எதிரிலேயே, கை ஓங்கி அறைந்தாள், இன்னொன்றும் அறைந்தாள், "என்னோடதுடி அது, அறுத்துக் குடுத்தேன்டி" என்று கத்தினாள். கனி கன்னத்தைப் பிடித்துக்கொள்ளாமல் நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேட்டனா உன்ன?"

நான் கேட்டனா. கேட்கவில்லைதான். ஆபரேஷனுக்கு முன்னால் உனக்கு ஏதாவது ஆயிட்டா என்ன பண்றது என்று கனி பயந்து அழுதாள். அப்போது அதைப் போய்ப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தாள் மங்கை, என் பொண்ணுக்கு என் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று. அந்த நான் கேட்டனாவுக்கு ஒரு பதில் இருக்கிறது, கட்டாயம் இருக்கிறது, இத்தனை மாசமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள், பாத்திரம் துலக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, சேலை விரிக்கும்போது. உன்னைப் பெத்துக்கறதுக்கும்தான் நீ கேக்கல. இல்லை, அது சரியில்லை, அதற்கும் தோளைக் குலுக்குவாள். நல்ல பட்டுச் சேலையை எடுத்துக்கொண்டு போய் ரெண்டு தரம் கட்டிக் கறையாக்கிவிட்டுத் திருப்பிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படியேதான் இருந்துச்சு, நீங்க குடுத்தது என்பார்கள், அவர்களிடம்கூட மடித்து வாங்கி வைத்துக்கொண்டு சிரிக்க வேண்டும். மடித்துத்தான் வைத்திருக்கிறாள். அடிப்பதில்லை, திட்டுவதில்லை. சாப்பிடு, கிளம்பு, எறங்கு, படு. இந்த நாலு சொல் போதுமானதாக இருக்கிறது. தர்மலிங்கம்தான், "விடு மங்கை, சின்னப் புள்ள, அதுக்கு என்ன தெரியும்" என்பார். அவர் எடுத்துக் கொடுக்கவில்லை, அதனால் விட முடிகிறது. கீழே மரநிழலில் காரைப் போட்டு உட்கார்ந்திருப்பார், மேலே வரமாட்டார், ரத்தத்தைப் பார்த்தால் தலை சுத்துதாம்.

"அக்கா" என்று சபூரா கூப்பிட்டாள். அடுத்த கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், இந்த மாசம்தான் வர ஆரம்பித்தவள், சின்ன வயசு, இன்னும் கல்யாணப் பெண் மாதிரியே இருப்பாள். அவளுடைய மகன் இர்ஃபானுக்கு ஆறு வயசு இருக்கும், கையில் ரத்தக்குழாய் இன்னும் தயாராகாததால் கழுத்தில் குழாய் சொருகியிருந்தது, தலையை அசைக்கக்கூடாது என்று சொல்லியிருந்ததால் கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு போனில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். "டாக்டர் என்னயத்தான் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்கக்கா. பொருந்துச்சுன்னா குடுத்துடலாம்னு எங்க வீட்டுக்காரரும் சொல்றாரு. நீங்க குடுத்தீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க." குரலைத் தணித்துக்கொண்டாள், கனிக்குக் கேட்கக்கூடாது என்று, கனி கண்ணை மூடியிருந்தாள், இமை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது, கேட்டுக்கொண்டிருக்கிறாள். "குடுத்தா சரியாயிடும்லக்கா?" சரியாகும். ரெண்டு வருஷம் தண்ணீர் குடிப்பான். ரெண்டு வருஷம் மூத்திரம் போவான், நீ கதவுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கும்பிடுவாய். அப்புறம் உன் பிள்ளைக்கு மீசை முளைக்கிற வயசு வரும், அவன் உன்னைப் பார்த்துத் தோளைக் குலுக்குவான். அப்போது தெரியும், உன் வயிற்றில் ஒரு பக்கம் காலியாக இருப்பது. "வலி இருக்குமாக்கா?" "இருக்கும்." "ரொம்பவா?" "இப்பத்தான் ரொம்ப இருக்கு" என்றாள் மங்கை. அதைச் சொல்லும்போது சபூராவைப் பார்க்கவில்லை, மூடின அந்த இமைகளைப் பார்த்துச் சொன்னாள், நன்றாகத் தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் போய்ச் சேருகிற மாதிரி. இமை துடிப்பது நின்றது. உள்ளே ஏதோ ஒன்று ருசித்தது. சபூரா ஒன்றும் புரியாமல் சிரித்துவிட்டு மகனின் போர்வையை இழுத்துவிட்டாள்.

அதற்கப்புறம் மத்தியானம் மந்தமாகிவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பெரியவரின் கையில் ஊசி நழுவி ரத்தம் பெட்ஷீட்டில் கொட்டிவிட்டது போலிருக்கிறது, ஜெனிட்டா சிஸ்டர் போட்டது போட்டபடி அங்கே ஓடினாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மங்கைக்குக் கண் சொருகியது, திறந்தது. கனி கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டாள். நீளமான கொட்டாவி. கொட்டாவிதான் முதல் அடையாளம். மங்கைக்கு அது பாடம். பிபி இறங்கும்போது முதலில் கொட்டாவி வரும், தூக்கக் கொட்டாவி மாதிரியேதான் இருக்கும், யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள்; அடுத்தது மேலுதட்டில் வேர்வை பூக்கும், அப்புறம் காது அடைக்குதுன்னு சொல்வாள், அதற்கப்புறம் சொல்லமாட்டாள். எத்தனையோ தரம் முதல் கொட்டாவியிலேயே "சிஸ்டர்" என்று குரல் கொடுத்து, ஜெனிட்டாவே, நீங்க நர்ஸாகியிருக்கணும்மா என்று சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு இவ்வளவு தண்ணீரை இழுக்கிறார்கள், வரும் என்று தெரிந்ததுதான். ரெண்டாவது கொட்டாவி. கூப்பிட வேண்டும். சிஸ்டர் என்கிற சொல் தொண்டைக்கு வந்து, அங்கே நின்று, நாக்கு அதை வாங்கிக்கொள்ளவில்லை. கூப்பிடலாம், கூப்பிடத்தான் போகிறேன், இதோ. யானையின் குடையில் ஒரு பக்கம் சாயம் உரிந்திருந்தது. கனியின் மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வேர்வை பூத்தது, அந்த ரோமம் இப்போது இல்லை, வழவழவென்று இருக்கிறது, அழகான உதடு, அதற்குத்தானே. முகம் மஞ்சளாகி, மஞ்சளிலிருந்து சாம்பலானது. இப்படியே கொஞ்ச நேரம் இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு குரல் கேட்டது, அவளுடைய குரல்தான், சேலையின் விலை சொல்கிற குரல் மாதிரி நிதானமாக. ஒண்ணும் ஆகாது, முடிஞ்சிடும். குழாயைத் திறந்து திருட்டுத்தனமாகக் குடிக்க வேண்டாம். ஊசி வேண்டாம். இன்னொரு என்கிற சொல் வேண்டாம். அவளுக்கும் நல்லது என்று அந்தக் குரல் சொன்னது, அவளுக்கும் என்று சொன்னதே, அந்த உம்மைக்குள் ஒளிந்துகொண்டிருந்தவள் யார் என்று மங்கைக்குத் தெரிந்தது. கனி தலையை லேசாகத் திருப்பினாள். கண் திறந்துதான் இருந்தது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கூப்பிடு என்று அந்தக் கண் சொல்லவில்லை, பயந்தும் இல்லை, எதையோ சரிபார்த்துக்கொள்கிற மாதிரி இருந்தது. அவளும் வாயைத் திறந்து சிஸ்டரைக் கூப்பிடவில்லை. ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மங்கையின் ரெண்டு கையும் மடியில் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. அவை தன் கைகள்தான் என்று தெரிந்தது, எடுக்க மட்டும் முடியவில்லை, எடுக்க முடியவில்லையா எடுக்கவில்லையா. கனியின் கருவிழி மேலே போக ஆரம்பித்தது.

"சிஸ்டர்! சிஸ்டர் இங்க வாங்க, பாப்பாவுக்கு என்னமோ பண்ணுது!" கத்தியது சபூரா. ஸ்டூல் கவிழ்கிற சத்தம், செருப்புச் சத்தம், ஜெனிட்டா வந்த வேகத்தில் மங்கையைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தாள். கட்டிலின் தலைப்பக்கத்தை இறக்கினாள், மெஷினில் எதையோ தட்டினாள், தொங்கிய சலைன் பாட்டிலைத் திறந்து இரண்டு கையாலும் பிழிந்தாள், "கனி, கனி, இங்க பாரு, கண்ணத் தொறடி செல்லம்." தட்டிக்கு மேல் ரெண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. இர்ஃபான் அழ ஆரம்பித்தான், தலையை ஆட்டாதே என்று சபூரா அவனை அமுக்கிப் பிடித்தாள். எவ்வளவு நேரம் என்று மங்கைக்குத் தெரியவில்லை. மேலே போன விழி கீழே இறங்கி வந்தது, கனி இருமினாள், பக்கவாட்டில் கொஞ்சம் வாந்தி எடுத்தாள், உதட்டில் நிறம் வந்தது. அப்போதுதான் ஜெனிட்டா திரும்பினாள். "பக்கத்துலயேதானம்மா உக்காந்திருக்கீங்க. இந்த அளவுக்குப் போற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" மங்கை வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்குள் கட்டிலிலிருந்து சின்னக் குரல் வந்தது. "அம்மா தூங்கிட்டாங்க சிஸ்டர். நானும் எழுப்பல." ஜெனிட்டா உச்சுக்கொட்டினாள். "பாவம், அவங்களுக்கும் அசதிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வாந்தியைத் துடைத்தாள். மங்கை சபூராவைப் பார்த்தாள். சபூரா கவிழ்ந்த ஸ்டூலை நிமிர்த்தினாள், கட்டிலின் அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டாள், மகனுக்கும் மங்கைக்கும் நடுவில் தன் முதுகு வருகிற மாதிரி உட்கார்ந்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். பார்த்திருக்கிறாள். எதிரில்தானே இருந்தாள், முதலிலிருந்தே பார்த்திருக்கிறாள், அம்மா கூப்பிடுவாள் கூப்பிடுவாள் என்று காத்திருந்திருக்கிறாள். அக்கா என்று அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

ரத்தத்தையெல்லாம் உடம்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டு ஜெனிட்டா ஊசிகளை எடுத்தாள். எடுத்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், ரத்தம் நிற்கிறவரை, எப்போதும் கனியே இன்னொரு கையால் பிடித்துக்கொள்வாள், இன்றைக்கு அந்தக் கை எழும்பவில்லை. "நீங்க புடிங்கம்மா. ரொம்ப அழுத்தாதீங்க, குழாய் அடைச்சுக்கும். லேசா விட்டாலும் கொட்டிடும்" என்று சொல்லிவிட்டு ஜெனிட்டா தட்டியைத் தாண்டிப் போனாள். மங்கை பிடித்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, பஞ்சுக்கும் கீழே, மகளுடைய ரத்தம் ஓடுகிற அதிர்வு தெரிந்தது, தூங்குகிற பூனையின் வயிற்றில் கை வைத்தால் தெரிகிற மாதிரி. அறைந்ததற்கப்புறம் இந்தப் பெண்ணை இவ்வளவு நேரம் தொட்டதில்லை. கனி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொட்டாவி விட்டப்பவே பாத்தே" என்றாள், சத்தமில்லாமல். மங்கையின் கண் பஞ்சிலேயே இருந்தது. "பாத்தேல்ல?" "ம்." "அப்பறம் ஏன் கூப்பிடல?" ஏன். கிட்னிக்காக என்று சொல்லலாம். அந்தப் போட்டோவுக்காக, டாக்டரம்மா முன்னால் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக, நேற்றுக் குடித்த தண்ணீருக்காக என்று சொல்லலாம், எல்லாம் மனசுக்குள் வரிசையில் நின்றன, ஆனால் அந்த நேரத்தில், கை மடியில் கிடந்த அந்த நேரத்தில், இவை ஒன்றுமே தனக்குள் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. "தெரியல" என்றாள். கனி கொஞ்ச நேரம் அதை யோசித்தாள், வாயில் போட்ட எதையோ கடித்துப் பார்க்கிற மாதிரி. "எனக்கும் அப்படித்தான்" என்றாள். "ஏன் போடல, ஏன் போடலன்னு எல்லாரும் மாத்தி மாத்திக் கேட்டீங்க. முகத்துக்காகன்னு நீங்களே சொல்லிக்கிட்டீங்க. கையில வச்சுப் பாத்துட்டே நிப்பேன். போடணும்னுதான் நினைப்பேன். நெஜமாவே தெரியலம்மா." குறை சொல்கிற குரல் இல்லை, மன்னிப்புக் கேட்கிற குரலும் இல்லை. பஸ் எந்தப் பக்கம் போகும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். மங்கையின் விரல் தன்னையறியாமல் அழுந்தியது, அதிர்வு ஒரு கணம் நின்றது போலாகி, பயந்து தளர்த்தினாள், திரும்ப வந்தது. கனி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நாளன்னைக்கு நீ மேல வராத" என்றாள், அங்கே பார்த்தபடியே. "அப்பாவ வந்து உக்காரச் சொல்லு."

"அவருக்கு ரத்தம் பாத்தா தலை சுத்தும்."

"பரவால்ல. கண்ண மூடிட்டு உக்காந்திருக்கட்டும்."

"சரி" என்றாள் மங்கை. பஞ்சைத் தூக்கிப் பார்த்தாள். ரத்தம் நின்றுவிட்டிருந்தது.